பிரஸ்ஸுக்கு ஒரு குடம்

மயிலாத்தாளுக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்த ராக்கியப்பனுக்கு அறுபது. குரு சின்னவர், சீடர் பெரியவர். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்த ஃபவுண்டரியில் எல்லாரும் சிரித்து முடித்தாகிவிட்டது.

கோயமுத்தூருக்கு வடக்கே உள்ள சின்ன ஃபவுண்டரி அது. ஆயுசு முடிந்த மிஷின்கள் லாரியில் வந்து இறங்கும். உடைத்து, உருக்கி, தண்ணீர் பம்புக்கு உடம்பு வார்ப்பார்கள். வந்து இறங்குவதில் எது உலைக்குப் போகும், எது போகாது என்று பிரிப்பது மயிலாத்தாளின் வேலை. படிப்பு என்னவோ ஐந்தாவதுதான். ஆனால் முதலாளி முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் வாத்தியாரம்மா.

ராக்கியப்பன் முப்பத்தைந்து வருசம் கம்பெனி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்து பழைய இரும்பு பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். கை வேலை செய்யும், வாய் கேள்வி கேட்கும். மனுசன் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்.

"ஏனம்மிணி, இத்தனை வருசம் ஓடின சாமானெல்லாம் உருகிப் போகுதே. அததுக்கு வருத்தமா இருக்காதா?"

"கேட்டுப் பாத்தனுங்கண்ணா. ஒண்ணும் சொல்லலை" என்பார் வாத்தியாரம்மா. அதோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. எங்கேயோ மூடிப்போன ஒரு கம்பெனியின் மிஷின்கள். கிரேன் ஒவ்வொன்றாக இறக்கியது. நான்காவதாக, தகடு அழுத்துகிற ஒரு பவர் பிரஸ் இறங்கியபோது ராக்கியப்பன் கையில் இருந்த சுத்தியல் நழுவிக் கால் பக்கத்தில் விழுந்தது.

ஐம்பது டன் அழுத்தம் கொடுக்கிற பிரஸ். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பி, விரல் தடிமனுக்குக் காய்ந்துபோன பொருக்கு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்து வேலை செய்த பிரஸ். அவர் ஷிப்ட் முடிந்து கிளம்பிய சில நிமிசத்தில் சென்னியப்பனின் வலது கையில் நாலு விரலைத் தின்ற பிரஸ்.

நடந்தது இதுதான். அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பச்சைப் பொத்தான், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது கை நசுங்காது அல்லவா, அதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். ஆனால் வேலை மெதுவாகப் போகும். ராக்கியப்பன் என்ன செய்வார் தெரியுமா? வலது பொத்தானை அழுத்தி, அதன் ஓரத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிடுவார். பொத்தான் அழுந்தியபடியே நின்றுவிடும். அப்புறம் ஒரு கையால் தகடு வைப்பதும் ஒரு கையால் அழுத்துவதுமாக ஓட்டு ஓட்டென்று ஓட்டி, மூன்று மணிக்கு முடிய வேண்டிய வேலையை இரண்டரைக்கே முடித்துவிட்டுப் பீடி பிடிக்கப் போய்விடுவார். ஷிப்ட் முடிந்ததும் தீக்குச்சியை எடுத்துவிடுவார். எத்தனையோ வருசமாக அப்படித்தான்.

அன்றைக்கு எடுக்க மறந்துவிட்டார். பஸ் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள், ஓடினார்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவன் சென்னியப்பன். வலது கையால் தகட்டை உள்ளே வைத்துக்கொண்டே இடது கையை இடது பொத்தானில் வைப்பது அவன் பழக்கம். அழுத்தினான்.

அலறலைக் கேட்டு, கம்பெனி வாசலிலிருந்து திரும்பி ஓடி வந்த கூட்டத்தில் ராக்கியப்பனும் இருந்தார். எல்லாரும் சென்னியப்பனை வேனுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அவர் மட்டும் பின்தங்கி, நகத்தால் அந்தத் தீக்குச்சியைச் சுண்டி எடுத்தார். பொத்தான் மேலே எழும்பிக்கொண்டது. விசாரணை நடந்தது. பொத்தான் இரண்டும் சரியாக வேலை செய்தன. அவர் பெயர் எங்கேயும் வரவில்லை. அது போதும் என்று இருந்துவிட்டார். வேறு யார் பெயர் வந்தது என்று கேட்டுக்கொள்ளவே இல்லை.

கம்பெனியில் அதற்குப் பிறகு அது கெட்ட மிஷின் ஆகிவிட்டது. பூசணிக்காய் உடைத்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். புதிதாக வருகிறவனிடம், "அதுகிட்ட மட்டும் உக்காராதே, அது ஆளைத் திங்கும்" என்றார்கள். ராக்கியப்பனும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். என்ன செய்வது, மனுசப் பிறவி.

இப்போது அது எதிரே கிடந்தது.

"வெள்ளிக்கிழமை உடைக்கறமுங்க" என்றார் வாத்தியாரம்மா. "மோட்டரைக் கழட்டோணும், செம்பைத் தனியா எடுக்கோணும். வாங்க."

ராக்கியப்பன் நகரவில்லை. "அம்மிணி, இது உருகினா, இது பண்ணின பாவம் எங்க போகும்?"

"எதுக்குப் பாவம் பண்ணத் தெரியுமுங்க? இதுக்கா?"

"ஏன் தெரியாது? வருசா வருசம் ஆயுத பூசைக்கு மாலை போட்டமல்ல? தேங்காய் உடைச்சமல்ல? உசுரு இல்லாததுக்கா அத்தனையும் பண்ணினம்?"

வாத்தியாரம்மா நெற்றிப் பொருக்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது உருகிப் பம்பு ஆகும். பம்பு எவன் கெணத்துக்கோ போகும். அந்தத் தண்ணிய ஒரு கொழந்தை குடிக்கும். பாவமும் கூடவே போகாதா? எனக்குத் தூக்கம் வராது அம்மிணி."

"அப்ப என்ன பண்ணலாமுங்க?"

ராக்கியப்பனிடம் யோசனை தயாராக இருந்தது. போன வருசம் அவர் ஊர் மாரியம்மன் கோயிலைப் பிரித்துக் கட்டினார்கள். கை வைப்பதற்கு முன்னால், அம்மன் சிலையில் இருக்கிற சக்தியைப் பூசாரி ஒரு குடத்துத் தண்ணீரில் இறக்கி வைத்தார். அதற்குப் பிறகு அது வெறும் கல். தயக்கமில்லாமல் நகர்த்தினார்கள். அதையே இந்தப் பிரஸ்ஸுக்கும் செய்தால் என்ன?

நீங்களும் நானும் என்றால் சிரித்திருப்போம். வாத்தியாரம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்குக் குடம் கொண்டாங்க" என்றார்.

மறுநாள் காலை ராக்கியப்பன் பித்தளைக் குடம் கொண்டுவந்தார். நூல் சுற்றி, மாவிலை வைத்து, மேலே தேங்காயும் வைத்திருந்தார். பிரஸ்ஸின் முன்னால் செங்கல் அடுக்கிக் குடத்தை ஏற்றினார். வாத்தியாரம்மா ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மந்திரம் தெரியுமுங்களா?"

"தெரியாது அம்மிணி."

"பரவாயில்லீங்க. பூசாரி அம்மன் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டாரு? நீங்களும் எது உள்ள இருக்குதோ அது பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

ராக்கியப்பன் கண்ணை மூடினார். "பாவமே, வா" என்றார். அவருக்கே கூச்சமாக இருந்தது.

"எந்தப் பாவமுங்க? ஊர்ல கெடக்கறதெல்லாம் வந்து ஏறிக்கப் போகுது."

"ஒரு மனுசன் விரலைத் தின்ன பாவமே, வா."

"எப்படிங்க தின்னுச்சு?"

"அச்சு எறங்கிருச்சு."

"தானாவா?"

"அதெப்படி? ரெண்டு பொத்தானையும் அழுத்தினாத்தான் எறங்கும்."

"ரெண்டு பொத்தானையும் அழுத்தினா ரெண்டு கையும் வெளியிலல்ல இருக்கோணும்?"

ராக்கியப்பன் கண்ணைத் திறந்தார். இருபத்திரண்டு வருசத்தில் எந்த அதிகாரியும் இப்படி நேராகக் கேட்டதில்லை. வாத்தியாரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமும் இல்லை.

ராக்கியப்பன் தீக்குச்சி என்றார். அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாம் வந்துவிட்டது. பீடி, பஸ், அலறல், நகம். சொல்லச் சொல்ல வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் வாத்தியாரம்மா எழுந்து போய், தன் தூக்குப்போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தார்.

"ஏறிருச்சுங்களா?" என்று கேட்டார் வாத்தியாரம்மா.

"எது?"

"குடத்துல."

"ஏறியிருக்கும்."

"கோயில்ல அந்தக் குடத்துத் தண்ணிய அப்பறம் என்ன பண்ணினாங்க?"

"கோயில் கட்டி முடிச்சதும் திருப்பி அம்மன் மேலயே ஊத்தினாங்க. அவளுது அவளுக்கே."

"இதை யாரு மேல ஊத்தறதுங்க?"

ராக்கியப்பன் பிரஸ்ஸைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். "எனக்கெப்படித் தெரியும் அம்மிணி?"

"எனக்கும் தெரியாதுங்க. கொண்டாந்தது நீங்க." வாத்தியாரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க அவர் பிறகு பேசவே இல்லை. ராக்கியப்பன் குடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே கொட்டலாமா? வாய்க்காலில் விடலாமா? எங்கே கொட்டினாலும் யாரோ மிதிப்பார்கள். வியாழக்கிழமை காலையில் ஒரு முடிவோடு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அன்னூர் பஸ் ஏறினார்.

அறுபது வயசு ஆண்பிள்ளை நூல் சுற்றிய குடத்தோடு பஸ்ஸில் போனால் சும்மா விடுவார்களா? முன் சீட்டிலிருந்த அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, "எந்தக் கோயில் தீர்த்தமுங்க?" என்று கை நீட்டினார். "ஐயோ, இதைத் தொடாதீங்க!" என்று ராக்கியப்பன் அலறியதில் பாதிப் பஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரொம்ப உக்கிரமான சாமி போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

சென்னியப்பன் வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் கட்டில். அதில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நாலு ஆடு. மரக்கிளையில் தூளி, தூளிக்குள் பேரப் பிள்ளை வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது.

"பாவாயி, கொழந்தை அழுகுது பாரு" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். கைக்கெட்டும் தூரத்தில் தூளி. ஆனால் அவன் தொடவில்லை. மனைவி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "ஒரு நாளைக்காவது தூக்கறீங்களா?" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

"அட, ராக்கியண்ணா! எத்தனை வருசமாச்சு! என்ன குடத்தோட? எந்தக் கோயிலுக்கு?"

ராக்கியப்பன் குடத்தைக் கீழே வைத்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். காலையிலிருந்து மனப்பாடம் செய்துவைத்த வார்த்தைகள் எல்லாம் மறந்து, தாறுமாறாகத்தான் வந்தது. தீக்குச்சியை எடுத்ததையும் சொன்னார். செருப்பால் அடிக்கட்டும், அருவாளை எடுக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டில் கிரீச்சென்றது. அடி விழவில்லை.

"ராக்கியண்ணா" என்றான் சென்னியப்பன். "அப்ப நான் தூங்கலையா?"

ராக்கியப்பனுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு மத்தியானம் எங்க மாமன் பையன் கல்யாணம். விருந்து சாப்பிட்டுட்டு வேலைக்கு வந்தேன். பொத்தான் ரெண்டும் சரியா இருக்குது, அப்ப நீ ரெண்டையும் அழுத்திட்டு, சாப்பிட்ட மப்புல தூங்கி உள்ள கையை விட்டுட்டேன்னு விசாரணைல எழுதிட்டாங்க. இல்லீங்க, நான் முழிச்சிருந்தேன்னு சொன்னேன். யாரும் நம்பலை. கொஞ்ச நாள்ல நானே நம்பலை."

சென்னியப்பன் மிச்சமிருந்த கட்டை விரலால் கண்ணைத் துடைத்தான்.

"இருபத்திரண்டு வருசமா ஒரு விருந்துல உக்காரலை. வண்டி ஓட்டலை. இந்தக் கொழந்தை பொறந்து ஏழு மாசமாகுது. தூக்கினதில்லை. முழிச்சுட்டு இருக்கறப்பவே தூங்கிப் போற ஆளுண்ணா நான், கீழ போட்டுட்டா? நெசமாச் சொல்லு. நான் தூங்கலையா?"

"இல்லடா. நீ தூங்கலை. நான்தான்."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னார்.

"பாவாயி!" என்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் ஆடுகள் எழுந்து நின்றன. "இங்க வா! அண்ணன் சொல்றதக் கேளு! அண்ணா, இவகிட்டயும் சொல்லு!"

மூன்றாவது தடவையாகச் சொன்னார். பாவாயி குழந்தையை இடுப்பில் வைத்தபடி கேட்டாள். விரல் போனதற்கு அழுத நாளெல்லாம் போய், பாயசத்துக்கு அலைந்து கையை விட்ட மனுசன் என்று புருசனைத் திட்டிய நாளெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் மாறிப்போனது. குழந்தையைப் புருசன் மடியில் உட்கார வைத்தாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், கண்ணில் பட்ட குடத்தைத் தூக்கினாள். தேங்காயும் மாவிலையும் பறந்தன. குடத்துத் தண்ணீர் மொத்தமும் ராக்கியப்பன் தலையில் இறங்கியது.

"நாசமாப் போறவனே! இதைச் சொல்றதுக்கு இருபத்திரண்டு வருசமா உனக்கு?"

திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். ராக்கியப்பன் சொட்டச் சொட்ட நின்றார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. கேட்கக் கேட்க நெஞ்சிலிருந்து என்னவோ இறங்கிக்கொண்டே போனது.

சென்னியப்பன் இது எதையும் கவனிக்கவில்லை. இடது கையால் முதுகையும், வலது உள்ளங்கையால் பிடரியையும் தாங்கிக் குழந்தையைப் பிடித்திருந்தான். குழந்தை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவன் மூச்சு கூட விடவில்லை.

புறப்படும்போது பாவாயி ஒரு துண்டை எறிந்தாள். "தொடைச்சுக்கங்க. சளி புடிக்கும்." கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. தீராது.

"ஞாயித்துக்கெழமை வா" என்றான் சென்னியப்பன். "பையன் வருவான். அவன்கிட்டச் சொல்லோணும். மாமன் பையன்கிட்டயும் சொல்லோணும். அவன் கல்யாணமல்ல அது."

"வர்றேன்."

"ஊரையே கூட்டுவேன்."

"கூட்டு. சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை. பிரஸ் உடம்பு மட்டும் தனியாகக் கிடந்தது. மோட்டர், செம்பு, ரப்பர் எல்லாம் கழற்றியாகிவிட்டது. அதற்கு மேலே கிரேனில் இரும்புக் குண்டு தொங்கியது. மேலிருந்து குண்டைப் போட்டுத்தான் பெரிய வார்ப்பை உடைப்பார்கள்.

ராக்கியப்பன் ஒரு தும்மலோடு வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொன்னார். குடத்துத் தண்ணீர் யார் மேல் போனது என்று சொன்னபோது வாத்தியாரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

"நேத்துத் தூங்கினீங்களாண்ணா?"

"செத்த பொணமாட்டம் தூங்கினேன் அம்மிணி. வெக்கமாக்கூட இருக்குது. அவனைப் பத்தி இத்தனை நாளா நான் நெனைக்கவே இல்லை. என் பயத்தை மட்டுந்தான் பாத்துட்டு இருந்தேன்."

வாத்தியாரம்மா கிரேன்காரருக்குக் கை காட்டினார். குண்டு மேலே ஏறத் தொடங்கியது. ராக்கியப்பன் அந்தப் பிரஸ்ஸை, நெற்றியில் பொருக்காகக் காய்ந்த குங்குமத்தை, கடைசியாக ஒரு தடவை பார்த்தார். இத்தனை பேர் இத்தனை வருசம் பயந்த மிஷின்.

"அம்மிணி, ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"அப்ப இது உள்ள இத்தனை வருசமா என்னதான் இருந்துச்சு?"

"இரும்புங்கண்ணா" என்றார் வாத்தியாரம்மா. "நல்ல இரும்பு. தள்ளி நில்லுங்க."